வெயிலும் நம் விளைச்சலே!

சென்ற கார்த்திகையில் பாளையம்பட்டியில் நடந்த விவசாயிகள் கூட்டமொன்றில் மல்லிகைச் செடிக்குக் கவாத்து செய்யும் முறை பற்றிப் பேசப் போயிருந்தேன். பேச்சை முடித்து, சந்தேகங்களைக் கேட்கலாம் என்றதும் பின்வரிசையிலிருந்து பெரியவர் ஒருவர் எழுந்தார். "சார், பூவு கதை இருக்கட்டும். கமுதிப் பக்கம் வெயிலைப் பிடிச்சுக் கரண்ட் எடுக்காங்க. அதே வெயில்தான எங்க காட்டுலயும் அடிக்குது? எங்களுக்கு மட்டும் அதுல ஒரு பைசா பிரயோசனம் இல்லையே, ஏன்?" என்று கேட்டார்.

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடனே பதிலும் வரவில்லை. முப்பது ஆண்டுகளாக விதை, உரம், பூச்சி மருந்து என்று பேசிப் பழகிய வாய்க்கு வெயிலைப் பற்றிப் பேச வரவில்லை. அந்தப் பெரியவருக்கு அன்று சொல்லத் தவறிய பதிலையே இங்கு எழுதுகிறேன்.

கமுதி காட்டும் பாடம்

திருச்சுழியைத் தாண்டித் தென்கிழக்கே போனால் ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதி. அங்கே சுமார் 2,500 ஏக்கரில், ஏறத்தாழ 25 லட்சம் சூரிய மின்பலகைகளைக் கொண்டு, 648 மெகாவாட் மின்நிலையம் ஒன்றை அதானி நிறுவனம் 2016-ம் ஆண்டு செப்டம்பரில் இயக்கத்துக்குக் கொண்டு வந்தது. ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின்நிலையங்களில் உலகிலேயே பெரியது என்று அப்போது அது பேசப்பட்டது. அங்கு உற்பத்தியாகும் மின்சாரம் உயரழுத்தக் கம்பிகளின் வழியே மாநிலம் முழுவதற்கும் போகிறது.

நம் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழைதான். அதிலும் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிட்டுப் போய்விடும். மிச்ச நாளெல்லாம் வெயில். இந்த வெயிலை இதுவரை நாம் சாபமாகவே நினைத்து வந்தோம். கமுதிக்கு வந்தவர்கள் அதைச் சரக்காகப் பார்த்தார்கள். வித்தியாசம் அவ்வளவே. நிலமும் வெயிலும் நம்முடையவை; பணமும் கம்பியும் அவர்களுடையவை. பணமும் கம்பியும் இல்லாத சிறு விவசாயி அந்த வியாபாரத்தில் சேர வழியுண்டா என்பதே கேள்வி. உண்டு என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதற்கு முன்னால் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுதல் அவசியம்.

தேக்கமில்லாத கண்மாய்

மின்கட்டமைப்பு என்பது நம் கண்மாய்ப் பாசனத்தைப் போன்றது. வரத்துக்கால்கள் பல, மடைகள் பல. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கண்மாயில் தண்ணீர் தேங்கும்; மின்கம்பியில் மின்சாரம் தேங்காது. ஒவ்வொரு வினாடியும் எவ்வளவு உள்ளே வருகிறதோ, அவ்வளவும் அதே வினாடியில் வெளியே போயாக வேண்டும். இந்தச் சமநிலை கெடாமலிருக்கிறதா என்பதை வினாடிக்கு 50 சுழற்சி என்ற அளவைப் பார்த்து அறிகிறார்கள். வரத்து குறைந்து செலவு கூடினால் அந்த அளவு இறங்கும். வரத்து கூடிச் செலவு குறைந்தால் ஏறும். கண்மாயில் நீர்பாய்ச்சி மடையைத் திறந்து அடைப்பது போல, மின்சுமைப் பகிர்வு மையத்தில் இரவும் பகலும் இதைக் கவனிக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

கவனம் தப்பினால் என்ன ஆகும் என்பதை 2012-ம் ஆண்டு ஜூலை 30, 31 தேதிகளில் நாடு கண்டது. வட இந்தியாவில் கட்டமைப்பு சரிந்தது; இரண்டாம் நாளில் மட்டும் 60 கோடிக்கும் அதிகமான மக்களின் வீடுகளுக்கு மின்சாரம் இல்லை. அப்போது தென்னகக் கட்டமைப்பு தனியே இயங்கியதால் நாம் தப்பினோம். 2013-ம் ஆண்டு டிசம்பர் 31-ல் ரெய்ச்சூர்-சோலாப்பூர் கம்பியின் மூலம் நாமும் அதோடு ஒன்றாக இணைந்துவிட்டோம். இப்போது நாடு முழுவதும் ஒரே கண்மாய்.

இந்தக் கண்மாய்க்கு இன்று புதிய வரத்துகள் சேர்ந்துள்ளன. தமிழ்நாட்டில் காற்றாலைகள் மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல். சூரிய மின்நிலையங்கள் 9,000 மெகாவாட்டுக்கு மேல். காற்று வைகாசியிலிருந்து புரட்டாசி வரை அடிக்கும், பிறகு ஓயும். வெயில் உச்சியில் பொங்கும். பொழுது சாய்ந்தால் அறவே நிற்கும். ஆனால் ஊரெல்லாம் விளக்குப் போட்டு, அடுப்படியில் மிக்ஸியும், கூடத்தில் மின்விசிறியும் ஓடுவது பொழுது சாய்ந்த பிறகுதான். நடுப்பகலில் மின்சாரம் மலிவாகக் கிடைக்கிறது. ஏழு மணிக்கு அதே மின்சாரத்துக்குத் திண்டாட்டம். இதைச் சமாளிக்க, எங்கே எவ்வளவு வருகிறது, எங்கே எவ்வளவு செலவாகிறது என்பதை உடனுக்குடன் அறிந்து, தேவையை வரத்துக்குத் தக்கபடி தள்ளி வைக்கும் ஏற்பாட்டைத்தான் ஸ்மார்ட் கிரிட், அதாவது அறிவுள்ள மின்கட்டமைப்பு என்கிறார்கள்.

கட்டடங்களுக்கும் புத்தி

நகரங்களில் "ஸ்மார்ட் கட்டடம்" என்று ஒன்றைப் பற்றிப் பேசுகிறார்கள். அதில் மந்திரம் ஏதுமில்லை. கூரையில் சூரியப் பலகை இருக்கும். மின்சாரம் மலிவான நேரம் எது, கிராக்கியான நேரம் எது என்று மீட்டர் சொல்லும். மலிவான நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றிக்கொள்ளும். குளிர்சாதனத்தை ஓட்டிக் குளிர்ச்சியைச் சேர்த்துக்கொள்ளும். கிராக்கியான நேரத்தில் இவற்றை நிறுத்திக்கொள்ளும். 2023-ல் மத்திய சர்க்கார் திருத்திய நுகர்வோர் விதிகள், வெயில் நேரத்தில் மின்கட்டணம் குறைவாகவும், உச்ச நேரத்தில் அதிகமாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. விவசாய இணைப்புகளுக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு உண்டு.

இது பட்டணத்துச் சமாச்சாரம் என்று தள்ளிவிட வேண்டாம். நம் ஊரில் ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி இருக்கிறது. அதிகாலை இருட்டிலும், மாலை ஏழு மணிக்கும் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்புவதற்குப் பதிலாக, உச்சிப் பொழுதில் நிரப்பினால் அந்தத் தொட்டியே ஒரு பாட்டரி. அருப்புக்கோட்டையின் நூற்பாலைகள், மாவு மில்கள், வற்றலும் மல்லியும் வைக்கும் குளிர்பதனக் கிடங்குகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நம் கிணற்று மோட்டார் இவை எல்லாவற்றையும்விடப் பொருத்தமானது. பயிருக்குத் தண்ணீர் காலை பத்து மணிக்குப் பாய்ந்தாலும், பகல் இரண்டு மணிக்குப் பாய்ந்தாலும் ஒன்றுதான். வரத்துக்குத் தக்கபடி செலவைத் தள்ளி வைக்க இதைவிட வசதியான சுமை கட்டமைப்பில் வேறில்லை.

அப்படியிருக்க, பல்லாண்டு காலம் நம்மை இராத்திரியில் மோட்டார் போட வைத்தார்கள். முறை வைத்து, பகலில் சில மணி, இரவில் சில மணி என்று மும்முனை மின்சாரம் வரும். எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது, இரவு மின்சாரத்துக்கு விழித்திருந்து வரப்பில் நடந்து போன என் பெரியப்பா கட்டுவிரியன் தீண்டி இறந்தார். விடிந்த பிறகுதான் தெரிந்தது. மோட்டார் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வட்டாரத்தில் இப்படி ஒருவரையேனும் பறிகொடுக்காத ஊர் குறைவு. சூரிய மின்சாரம் விவசாயிக்குச் செய்யக்கூடிய முதல் உபகாரம், பாசனத்தை முழுக்கப் பகலுக்குக் கொண்டு வருவதுதான். மானியக் கணக்குகளெல்லாம் அதற்கு அப்புறம்.

சும்மா கிடக்கும் பலகைகள்

2019-ல் மத்திய சர்க்கார் குசும் திட்டத்தைத் தொடங்கியது. அதில் மூன்று பிரிவுகள். முதலாவது, தரிசு நிலத்தில் விவசாயிகளோ, கூட்டுறவுச் சங்கமோ, ஊராட்சியோ 2 மெகாவாட் வரை சிறு மின்நிலையம் அமைத்து மின்சாரத்தை விற்பது. இரண்டாவது, மின் இணைப்பு இல்லாத கிணற்றுக்குத் தனியாகச் சூரிய பம்புசெட் வைப்பது. மூன்றாவது, ஏற்கெனவே மின் இணைப்புள்ள மோட்டாரையோ, ஒரு பீடரிலுள்ள மோட்டார்கள் அனைத்தையுமோ சூரிய மின்சாரத்துக்கு மாற்றுவது.

நம் பக்கம் அதிகம் பேசப்படுவது இரண்டாவதுதான். அதில் மத்திய சர்க்கார் 30 சதவீதமும், மாநில சர்க்கார் குறைந்தது 30 சதவீதமும் மானியம் தர வேண்டும் என்பது விதி. இணைப்பே இல்லாத கிணற்றுக்காரருக்கு இது வரப்பிரசாதம்; மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள்.

5 குதிரைத்திறன் பம்புசெட்டுக்குச் சுமார் 4.8 கிலோவாட் பலகை வைக்கிறார்கள். கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் என்று குறைத்தே வைத்தாலும் தினம் 19 யூனிட். நம் புஞ்சையில் கிணற்றுத் தண்ணீர் ஆண்டில் 120 நாள் பாய்ச்சினாலே பெரிது. மிச்சம் 245 நாள் பலகை சும்மா வெயில் காய்கிறது. அதாவது சுமார் 4,600 யூனிட் வீண். பேச்சுக்கு யூனிட் 3 ரூபாய் என்று வைத்தாலும் 13,800 ரூபாய். ஓர் ஏக்கர் மானாவாரிச் சோளமோ, குதிரைவாலியோ செலவு போக இவ்வளவு மிச்சம் வைக்கும் ஆண்டுகள் எத்தனை என்று நீங்களே சொல்லுங்கள்.

கம்பியோடு இணையாத பலகை, சந்தைக்குப் பாதையில்லாத விளைச்சல் போன்றது. ஆகவே இணைப்புள்ள கிணறுகளில் மூன்றாவது பிரிவையே நாம் வற்புறுத்திக் கேட்க வேண்டும். தனிப் பம்புசெட் வைத்தவர்களும் ஒன்று செய்யலாம். அதே பலகையைக் கொண்டு தட்டை வெட்டும் கருவி, மாவு அரைக்கும் இயந்திரம் முதலியவற்றை ஓட்டும் பொதுக் கட்டுப்பாட்டுக் கருவியும் குசும் திட்டத்தில் உண்டு. பம்புசெட்டுக்கு மனுச் செய்யும்போதே அதைக் கேட்டு வாங்குவது நல்லது.

துண்டி கிராமத்து ஆறு பேர்

இது நடக்கிற காரியமா என்று கேட்கலாம். குஜராத் மாநிலம் கேடா மாவட்டத்தில் துண்டி என்றொரு சிற்றூர். 2016-ல் அங்கே ஆறு சிறு விவசாயிகள் சேர்ந்து, சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனத்தின் உதவியோடு, சூரிய பம்புசெட்டு விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். பாசனத்துக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை ஒரே மீட்டரின் வழியே மின்விநியோக நிறுவனத்துக்கு யூனிட் 4 ரூபாய் 63 காசு வீதம் விற்றார்கள். அதற்குப் பதிலாக, விவசாய மின் இணைப்புக் கோரும் உரிமையை 25 ஆண்டுகளுக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது தண்ணீர்க் கணக்கு. வெயில் இனாம், மின்சாரம் இனாம் என்றால் கிணறு வற்றும் வரை இறைக்கத்தான் மனம் போகும். இறைக்காத மின்சாரத்துக்கு விலை கிடைத்தால் யோசித்து இறைப்பான். ஆனால் அந்த விலை, பக்கத்துக் காட்டுக்காரருக்குத் தண்ணீர் விற்றால் கிடைப்பதைவிடக் குறைவாக இருந்தால் இந்தத் தடை வேலை செய்யாது. ஆகவே அற்ப விலையை வைத்துவிட்டுத் தண்ணீர் மிச்சமாகும் என்று எதிர்பார்ப்பது வீண் ஆசை.

நம் மாநிலத்திலும் முன்னுதாரணம் இல்லாமலில்லை. மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி 2006-ல் வங்கிக் கடன் பெற்று 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவி, ஊர்த் தேவை போக மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. ஜெர்மனியில் 2000-ம் ஆண்டுச் சட்டம் இருபது ஆண்டுகளுக்கு நிச்சய விலை தந்தது. அதன் பிறகு குடியானவர்கள் மாட்டுத் தொழுவத்துக் கூரையில்கூடப் பலகை ஏற்றினார்கள். நிச்சய விலையும், நீண்ட கால ஒப்பந்தமும் இருந்தால் சிறியவனும் மின்சாரம் விளைவிப்பான் என்பதற்கு இவை சாட்சி.

இலவச மின்சாரமும் மீட்டர் பயமும்

இங்கே ஒரு சிக்கல். விற்பதற்கு மீட்டர் வேண்டும். மீட்டர் என்றாலே நம் விவசாயிக்கு வயிற்றைக் கலக்கும். அந்தப் பயம் நியாயமானது என்றே நான் சொல்லுவேன். 1970-களில் மின்கட்டண உயர்வை எதிர்த்து, நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் போராடினார்கள். 1972-ல் கோவை வீதிகளை மாட்டு வண்டிகளால் நிறைத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. அதன் பயனாகவே 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. உயிர் கொடுத்துப் பெற்றதை ஒரு மீட்டரிடம் இழந்துவிடுவோமோ என்று நினைப்பதில் தவறில்லை.

ஆனால் மீட்டர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். வாங்கும் மின்சாரத்தை அளக்கும் மீட்டர் வேறு. விற்கும் மின்சாரத்தை அளக்கும் மீட்டர் வேறு. பால் சொசைட்டியில் அளவு கருவியைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. அளந்தால்தான் காசு. சர்க்கார் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இலவச மின்சார உரிமை இந்த மீட்டரால் எக்காலத்திலும் குறையாது என்று எழுத்தில், ஒப்பந்தத்திலேயே, உறுதி தர வேண்டும். வாய்வார்த்தை போதாது. அந்த உறுதி கிடைக்காதவரை கையெழுத்துப் போடத் தயங்கும் விவசாயியை அறியாதவர் என்று என் சக விஞ்ஞானிகள் எவரும் ஏசலாகாது.

தனித்தனி மீட்டர் வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. மகாராஷ்டிரத்தில் 2017 முதல், விவசாயப் பீடருக்கென்று ஊரருகே சூரிய மின்நிலையம் வைத்து, மோட்டார்கள் அனைத்துக்கும் பகலில் மின்சாரம் தரும் திட்டம் நடக்கிறது. விவசாயி மோட்டாரை மாற்ற வேண்டியதில்லை. கையிலிருந்து காசு போட வேண்டியதுமில்லை. கடைக்கோடியிலுள்ள கிணறுகளுக்குப் பக்கத்திலேயே மின்சாரம் பிறப்பதால் வோல்டேஜ் குறைவும் மட்டுப்படும். காயில் எரிவதும் குறையும்.

கிணறே இல்லாதவருக்கு என்ன?

நம் வட்டாரத்தில் பாதிக்கு மேற்பட்டவர் வானம் பார்த்தவர்கள். பம்புசெட்டு பற்றிய பேச்சு அவர்களுக்கு எதற்கு? அவர்களை விட்டுவிட்டு எழுதினால் இந்தக் கட்டுரை பாதிக் கட்டுரையே.

அவர்களுக்கு உரியது முதற்பிரிவு. ஒரு மெகாவாட்டுக்கு நாலு, ஐந்து ஏக்கர் போதும். சீமைக் கருவேல் மண்டிய தரிசும், உவர் நிலமும் நம்மிடம் ஏராளம். ஆனால் மூலதனம் கோடிக்கணக்கில். தனி விவசாயி நினைத்துப் பார்க்க முடியாது. உழவர் உற்பத்தியாளர் குழுவோ, கூட்டுறவுச் சங்கமோ முன்னின்று, வங்கி கடன் தந்தால்தான் ஆகும். அதற்கு வழி செய்யாமல் விண்ணப்பங்களை மட்டும் வரவேற்றால், பணமுள்ளவர் நம் பெயரில் நிலையம் வைப்பார். நாம் வேலிக்கு வெளியே நிற்போம்.

நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு வருகிறவர்களும் உண்டு. கொடுப்பது தவறில்லை. ஆனால் கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

ஒன்று: நல்ல கரிசல் நிலத்தைக் கொடுக்க வேண்டாம். பருத்தியும் சோளமும் மல்லியும் விளையும் மண்ணில் இரும்புக் கால் ஊன்றுவது பாவம். தரிசைக் கொடுங்கள்.

இரண்டு: பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். சில ஆண்டுகளுக்கொரு முறை குத்தகை உயர வேண்டும். காலம் முடிந்ததும் பலகை, கான்கிரீட் எல்லாவற்றையும் அவர்கள் செலவிலேயே அகற்ற வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

மூன்று: கண்மாய்க்கு வரும் ஓடையையும், வண்டிப்பாதையையும் அடைக்கலாகாது. ஓர் ஓடை அடைபட்டால் கீழேயுள்ள கண்மாய்க்கு வரத்து இல்லை.

நான்கு: அந்தத் தரிசில் ஆடு மேய்த்துப் பிழைப்பவர் யார் என்று பாருங்கள். பட்டாவில் பெயரில்லாவிட்டாலும் அவருக்கும் வயிறு உண்டு. பலகைகளை உயர்த்தி வைத்தால் அடியில் ஆடு மேயலாம், புல்லும் மட்டுப்படும்.

இப்போதே செய்யக்கூடியவை

சர்க்கார் செய்யும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள மோட்டாரும், சரியான அளவு கண்டென்சரும் வையுங்கள். இருமுனை மின்சாரத்தில் மோட்டாரை ஓட்டும் பழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள். அது உங்கள் மோட்டாரோடு ஊர் டிரான்ஸ்பார்மரையும் கெடுக்கும். தானியங்கி ஸ்டார்ட்டரை எல்லாரும் போட்டு வைத்தால், மின்சாரம் வந்த கணத்தில் எல்லா மோட்டாரும் ஒன்றாக எழும்பும், பியூஸ் போகும். கைப்பேசியால் இயக்கும் ஸ்டார்ட்டர் இப்போது கிடைக்கிறது. பத்து கிணற்றுக்காரர் பேசி வைத்துக்கொண்டு முறை போட்டு இயக்கினால், அதுவே உங்கள் ஊரின் ஸ்மார்ட் கிரிட். இதற்கு எந்த அமைச்சரும் வந்து ரிப்பன் வெட்ட வேண்டியதில்லை.

வீட்டுக் கூரைக்கு 2024-ல் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியம் வைத்தார்கள். கான்கிரீட் கூரையுள்ளவர்கள் விசாரித்துப் பார்க்கலாம். கிராம சபையில் மேல்நிலைத் தொட்டி மோட்டாரை வெயில் நேரத்தில் இயக்கத் தீர்மானம் போடலாம். பம்புசெட்டு, பண்ணைக்குட்டை பற்றிய விவரங்களுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தை அணுகலாம்.

திட்டங்கள் வரும், போகும், பெயர்களும் மாறும். ஆனால் நம் கோரிக்கை மாறலாகாது. பாசனத்துக்குப் பகல் மின்சாரம்; மிஞ்சிய மின்சாரத்துக்கு நிச்சய விலை; இலவச மின்சாரத்துக்கு எழுத்தில் உறுதி; வானம் பார்த்தவருக்குக் கூட்டுறவு மின்நிலையம். இந்த நான்கும் கிடைத்தால், பாளையம்பட்டிப் பெரியவரின் கேள்விக்கு நான் தலைகுனியாமல் பதில் சொல்லுவேன்.

நெல்லுக்கும் பருத்திக்கும் விலை கேட்டுப் பழகியவர்கள் நாம். வெயிலுக்கும் விலை கேட்கக் கற்றுக்கொள்வோம்.